அங்க அடையாளம்

நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவில் ஆண்களுக்கு ஒரு நாற்காலி இருந்தது, பெண்களுக்கு ஒரு முக்காலி இருந்தது. நாற்காலி தேக்கு, கைப்பிடி வைத்தது. அதில் உட்காருகிற ஆள் எவ்வளவு நோஞ்சானாக இருந்தாலும் கையை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, கேமராவை நேருக்கு நேர் பார்த்தால் படத்தில் பெரிய மனிதனாகிவிடுவான். முக்காலிக்கு முதுகும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. அதில் உட்கார்ந்ததுமே தோள் குறுகிவிடும். பிறகு ஸ்டுடியோ முதலாளி வந்து, "கொஞ்சம் திரும்பு, நாடிய இறக்கு, அந்தப் பூச்சாடியப் பாரு" என்பார். பூச்சாடியில் இருந்தது பிளாஸ்டிக் ரோஜா. எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் கல்யாணப் பேச்சுக்குப் போன படங்களில் பாதியாவது அந்த ரோஜாவைப் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கும்.

முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் படம் எடுப்பார், இருட்டறையில் கழுவுவார். எனக்கு டச்சிங் வேலை. நெகட்டிவை ஒரு சாய்வு மேசையில், கீழிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து, உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கிய பென்சிலால் முகத்தைச் சரி பண்ணுவது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்துக் குழியும் கண்ணுக்கடிக் கருவளையமும் வெளுப்பாகத் தெரியும். அவற்றைப் பென்சில் புள்ளியால் நிரப்ப வேண்டும். மேடும் பளபளப்பும் கறுப்பாகத் தெரியும். அவற்றைக் கத்தி முனையால் சுரண்ட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. எனக்கு இருபத்திரண்டு வயது, ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் உட்காரத் தெரியாதவள் என்று வீட்டில் பெயர் வாங்கியவள், அந்த மேசை முன்னால் மட்டும் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சியிடம் ஒரு சட்டம் இருந்தது. "ஆம்பிளை மூஞ்சியில கை வைக்காத. பொம்பளை மூஞ்சிய அப்படியே விடாத." ஆண்கள் படத்துக்கு வந்தால் பெரும்பாலும் காகிதத்துக்கு வருவார்கள். தோணியில் கொழும்புக்குப் போகிறவன், கப்பலில் ஏறுகிறவன், புதுத் துறைமுகத்தில் பாஸ் வாங்குகிறவன். அந்தக் காகிதங்களில் அங்க அடையாளம் என்று ஒரு வரி உண்டு. மச்சமும் தழும்பும் அதில் எழுதியிருக்கும். படத்தில் அது இல்லாவிட்டால் ஆள் உள்ளே போக முடியாது. பெண்கள் வருவது மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப. அங்கே மச்சமும் தழும்பும் இருந்தால் உள்ளே போக முடியாது. எனக்கு இது ரொம்ப நியாயமான சட்டமாகத்தான் அப்போது பட்டது.

என் மேசைக்கு முன்னால் இருந்த சுவரில் வாரப்பத்திரிகை அட்டைகளை வெட்டி ஒட்டி வைத்திருந்தேன். எல்லாம் பெண் முகங்கள். அட்டையில் வருவதற்குப் பெண்ணாக இருந்தால் போதும், வேறு எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. ஆண்கள் உள்பக்கங்களில் இருந்தார்கள்; மேடையில் பேசிக்கொண்டு, எதையாவது திறந்து வைத்துக்கொண்டு, வியர்வையோடு. அட்டைப் பெண்களுக்கு வியர்வை கிடையாது. துணைக்கு ஒரு கப்பல் ஏஜென்சி காலண்டரும் தொங்கியது. அதில் ஆண்கள் மூச்சடக்கி முத்துக் குளிக்கிறார்கள்; கரையில் ஒருத்தி முத்து மாலையைப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறாள். எங்கள் கடற்கரையில் எந்தப் பெண் சும்மா நின்றாள் என்று வரைந்தவனைக் கேட்க வேண்டும். அன்று எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. அந்தப் பெண்ணின் கன்னத்தில் வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கன்னத்தை எல்லாப் பெண்களுக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறியே எனக்கு இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் திரேஸ்புரத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். முகம் முழுக்க அம்மைத் தழும்பு, நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் விரல் வைக்க இடம் விடாமல். நல்ல குரல். வாசலில் நின்றபடியே, "பாஸுக்குப் படம் எடுக்கணும், சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.

துறைமுகத்தில் கப்பலிலிருந்து கோதுமை இறங்கும்போது சிந்துகிறதைப் பெருக்கிக் கூட்டி, சல்லடையில் அரித்து, கிழிந்த சாக்கைத் தைக்கிற பெண்கள் கூட்டத்தில் அவர் ஒருவர். அதுவரை அந்தப் பெண்களுக்குப் பாஸ் கிடையாது. மேஸ்திரி வாசலில் நின்று தலையை எண்ணி உள்ளே விடுவார். இப்போது பெண்களுக்கும் படம் ஒட்டிய பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் படம் கொடுக்காதவர் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். அவருடைய புருஷன் தோணியில் போய் நாலு மாதமாக ஒரு கடிதாசியும் இல்லை. பத்து வயதில் ஒரு மகள். அந்த வேலை போனால் வீட்டில் உலை வைக்க வேறு வழி இல்லை என்பதை அவர் அழுகையில்லாமல், பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

அண்ணாச்சி வழக்கம்போல முக்காலியைக் காட்டினார். முகத்துக்குப் பவுடர் டப்பாவை நீட்டினார். "பாஸுக்குத்தான் அண்ணாச்சி" என்றார் அக்கா. "பாஸுன்னாலும் படம் படந்தான. நாடிய இறக்குங்க" என்றார் அண்ணாச்சி. எடுத்தார். மறுநாள் காலை நெகட்டிவ் என் மேசைக்கு வந்தது.

உறையின் மேல் "பாஸ்" என்று அண்ணாச்சி எழுதியிருந்தார். நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை. ஆண்களுக்கு எழுதும்போது அவர் கூடவே "டச் வேண்டாம்" என்றும் எழுதுவார். இதில் எழுதவில்லை. பெண்ணின் உறையில் அப்படி எழுத அவருக்குத் தோன்றவே தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. பாஸ்தானே, அதில் கொஞ்சம் அழகாக இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அதைவிட, அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. அவ்வளவு வேலை உள்ள முகம் அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்தேன். குழி குழியாக நிரப்பினேன். விளிம்பு விளிம்பாகச் சுரண்டினேன். மத்தியானச் சோற்றை மேசையிலேயே சாப்பிட்டேன். கண் ஓரத்துச் சுருக்கத்தை எடுத்தேன். கழுத்து நரம்பையும் விட்டுவைக்கவில்லை. பிரிண்ட் போடும்போது வெளிச்சத்தை ஒரு நொடி குறைக்கச் சொல்லி அண்ணாச்சியிடம் கேட்டு, நிறத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கினேன். புதன்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி பிரிண்டைக் கையில் வைத்துப் பார்த்து, "ஏளா, ஒனக்குக் கையில கலை இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா வந்து வாங்கினார். படத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இது யாரு தங்கச்சி" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். "நீங்கதான் அக்கா" என்றேன், வெட்கமில்லாமல்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அண்ணாச்சி புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கச் சின்ன கேமராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். மறுநாள் சாயங்காலம்தான் வருவார். அவர் போன அரை மணி நேரத்தில் அக்கா வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை.

"ஏளா, எம் மூஞ்சிய என்ன பண்ணுன?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் இருந்த காகிதத்தை மேசையில் போட்டார். துறைமுகத்துப் பாஸ் விண்ணப்பம். பெயர், வயது, ஊர். அதற்குக் கீழே அங்க அடையாளம் என்ற வரியில், முந்தின வாரமே பாஸ் ஆபீஸ் குமாஸ்தா அவரை நேரில் பார்த்து நீல மையில் எழுதியிருந்தார்: முகத்தில் அம்மைத் தழும்புகள். படம் ஒட்ட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"படத்தப் பாக்கான், என்னையப் பாக்கான், எழுதுனதப் பாக்கான். ஒன் தங்கச்சி படத்தக் கொண்டாந்திருக்கியா, நீ பாஸ் வாங்கி அவள உள்ள விடப் போறியான்னு கேக்கான். அம்புட்டு ஆம்பிளையளும் வரிசையில நிக்காவ. எல்லாருக்கும் கேக்க என்னையத் திருட்டுப் பயபுள்ளைங்கான். படத்த அங்கனயே கிழிச்சுப் போட்டுட்டு வாரேன்."

நன்றாகத்தானே செய்தேன் என்று ஒரு பேச்சு வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அறைந்திருப்பார். அறைந்திருக்கவும் வேண்டும்.

"நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மூடிருவான். நல்ல படம் கொண்டா, இல்லன்னா பேர அடிச்சிருவேன்னு சொல்லிட்டான். கீழ ரத வீதி ஸ்டுடியோவுல கேட்டேன். திங்கக்கிழமதான் தருவானாம். எனக்கு எம் மூஞ்சி வேணும். இப்பவே வேணும்."

பென்சிலைத் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். நெகட்டிவை எடுத்துப் பஞ்சில் டர்பன்டைன் நனைத்துத் துடைத்தேன். இரண்டு நாள் வேலை இரண்டு நிமிடத்தில் போனது. ஆனால் கத்தியால் சுரண்டினது போனது போனதுதான். குழிகள் திரும்பி வந்தன, விளிம்புகள் வரவில்லை. அம்மைத் தழும்பாகவும் இல்லாமல், நல்ல தோலாகவும் இல்லாமல், மழைத்தண்ணீர் பட்ட காகிதம் மாதிரி ஒரு முகம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அக்கா என் தோளுக்கு மேலாக அதைப் பார்த்துவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஸ்டுடியோவில் காலூன்றி நிற்கும் பெரிய கேமரா இருந்தது. நான் அதைத் துடைத்திருக்கிறேன், தூக்கி வைத்திருக்கிறேன், படம் எடுத்ததில்லை. அந்த ஸ்டுடியோவில் பெண் கேமராவுக்கு முன்னால் வரலாம், மேசையில் குனியலாம். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதில்லை. யாரும் கூடாது என்று சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. எடுக்கலாம் என்று தீர்மானித்துக்கொண்டு விளக்கைப் போட்டால் கரண்ட் இல்லை. அந்த வருஷம் பாதி நாள் மின்வெட்டு.

கேமராவைப் பின்கட்டு முற்றத்துக்கு இழுத்துப் போனேன். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. வெயில் உச்சியில் நிற்கிறது. சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதற்கு முன்னால் அக்காவை நிற்க வைத்தேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கேமராவின் பின்கண்ணாடியில் அவர் தலைகீழாகத் தெரிந்தார்.

"எங்கன பாக்கணும்?"

"இங்கன. நேரா. என்னையப் பாருங்க அக்கா."

அவர் பார்த்தார். கோபத்தோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்னை அடிக்க வருகிற மாதிரி பார்த்தார். நான் நொடியை எண்ணி மூடியைத் திறந்து மூடினேன். நானே கழுவினேன். கரண்ட் வருகிற வரைக்கும் காத்திருக்கப் பொறுமையில்லாமல், நெகட்டிவை ஓர் அட்டைச் சட்டத்தில் காகிதத்தோடு சேர்த்து வைத்து, ஜன்னல் கதவை ஒரு நொடி திறந்து வெளிச்சம் காட்டி பிரிண்ட் போட்டேன். மூன்று காகிதம் கறுத்துப் பாழானது. நாலாவது வந்தது. ஸ்டுடியோவுக்கு என்று இன்னொன்றும் போட்டுவைத்தேன். அதுவரை அக்கா முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார். நான் இருட்டறைக்கும் முற்றத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை.

ஈரம் காயாத படத்தை அவர் கையில் கொடுத்தேன். உச்சி வெயில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல் போட்டிருந்தது. நேரில் பார்த்தால்கூட அத்தனை தெரியாது. நேரில் பார்த்தால் அவர் பேசுவார், கண்ணைச் சிமிட்டுவார், நாம் தழும்பை மறந்துவிடுவோம். படத்தில் தழும்பு மட்டும்தான் இருந்தது. அக்கா அதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், எட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இம்புட்டுமா?" என்றார்.

அவர் வீட்டில் இருந்த கண்ணாடி உள்ளங்கை அளவுதான் என்று பிறகு சொன்னார். அதில் ஒரு நேரத்தில் ஒரு கன்னம்தான் தெரியுமாம்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். படம் எடுத்தவள் நான்தான் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று அக்கா கேட்கவில்லை. எனக்குத்தான் ஸ்டுடியோவில் இருக்க முடியவில்லை. பாஸ் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் வரிசை. குமாஸ்தா படத்தை வாங்கிப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், நீல மையில் எழுதியதைப் பார்த்தார். விரலால் படத்தின் கன்னத்தைத் தட்டி, "ஆங், இது நீதான்" என்றார். பசை தடவி ஒட்டி, சீல் குத்தினார். பதினொன்றரை மணி. வேலை தப்பியது.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் நின்ற ஆளின் கையில் இருந்த படத்தைப் பார்த்தேன். கிரேன் ஓட்டுகிறவர். அவருக்கும் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. படம் எங்கள் ஸ்டுடியோவில் எடுத்தது. தேக்கு நாற்காலியின் கைப்பிடி ஓரமாகத் தெரிந்தது. அதில் யாரும் டச் பண்ணவில்லை. ஒரு தழும்புகூடக் குறையவில்லை. ஆனாலும் அந்தப் படம் நன்றாக இருந்தது. பக்கத்து விளக்கை இறக்கி, முகத்தில் பாதி வெளிச்சமும் பாதி நிழலுமாக விழ வைத்து, நாடியை நிமிர்த்தச் சொல்லி, அவர் மூச்சு விட்டு நிதானமாகிற வரைக்கும் அண்ணாச்சி காத்திருந்து எடுத்திருக்கிறார். தழும்புகள் அந்த ஆளோடு சேர்ந்து இருந்தன. பத்துக் கப்பல் பார்த்தவர் என்று அந்த முகம் சொல்லியது.

நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போது புரிந்தது. முதல் தடவை அவரை அழித்தேன். இரண்டாம் தடவை அழிக்காமல் விட்டேன், அவ்வளவுதான். சுவரோரம் நிற்க வைத்து, உச்சி வெயிலில், போலீஸ் ஸ்டேஷனில் குற்றவாளியை எடுக்கிற மாதிரி எடுத்தேன். கரண்ட் இல்லை என்பது உண்மை. ஆனால் முற்றத்தில் நிழல் இருந்தது. நாலு அடி தள்ளி, வேப்பமர நிழலில் நிற்க வைத்திருக்கலாம். தேக்கு நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கலாம். எனக்கு அது மனதில் வரவே இல்லை. பெண் முகம் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டே வழி, மறைப்பது அல்லது காட்டிக்கொடுப்பது. மூன்றாவது ஒன்று நாள்தோறும் என் கண்முன் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது. நான் அதை ஆண்களுக்கானது என்று எடுத்து வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். மிச்சம் இருந்த பிரிண்டைப் பார்த்தார். கேமராவைத் தொட்டதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஏளா, ஒரு பொம்பளைய இப்படியா எடுப்ப? அவ என்ன பாவம் பண்ணுனா? இது நம்ம ஸ்டுடியோ படம்னு வெளிய சொல்லிராத."

"டச் பண்ணுனதாலதான அண்ணாச்சி அந்தக் குமாஸ்தா அவுகள திருடின்னான்."

"அதுக்கு? நான் இருந்தா கொஞ்சம் தழும்ப விட்டு, மிச்சத்த எடுத்திருப்பேன். குமாஸ்தாவுக்கும் ஆச்சு, அவளுக்கும் ஆச்சு."

"கிரேன் ஓட்டுற அண்ணனுக்கு எவ்வளவு எடுத்தீக?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவன் ஆம்பிளைல்லா" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவை என்று அவர் நினைக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. படத்தைப் பார்த்து அவர் பட்ட வருத்தம் உண்மையானது. அதுதான் எனக்கு அன்று எரிச்சலை இன்னும் கிளப்பியது. நான் சுவரில் ஒட்டியிருந்த அட்டைகளைக் கிழித்துப் போடலாமா என்று எழுந்தேன். கிழித்தால் சுவரின் காரை பெயர்ந்து வரும், அதற்கும் பேச்சு வாங்க வேண்டும் என்று திரும்ப உட்கார்ந்தேன்.

அதன் பிறகு வேலை ஓடவில்லை. கல்யாணப் பேச்சுக்குப் படம் எடுக்க வந்த ஒரு பெண்ணின் மூக்கு நுனியில் இருந்த மச்சத்தை விட்டுவிட்டேன். அவளுடைய அம்மா வந்து அரை மணி நேரம் சண்டை போட்டார். அடுத்த பெண்ணுக்கு எடுத்தேன். எடுத்த பிறகு வீட்டுக்கு வந்து யாரிடமாவது எரிந்து விழுந்தேன். தெருவில் போகும்போது தியேட்டர் பேனரைப் பார்ப்பேன். கதாநாயகன் நெற்றியில் ரத்தம் வழியும், கையில் காயம் இருக்கும், அவன் மேல் பேனர் வரைந்தவருக்கு எவ்வளவு பிரியம் என்று தெரியும். பக்கத்தில் நாயகி அதே சண்டைக்குள் இருந்து வந்தவள்தான், பொட்டு கலையாமல் இருப்பாள். இதையெல்லாம் யாரிடம் சொல்வது. சொன்னால், உனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பார்கள்.

ஒன்று மட்டும் செய்துவிட வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அக்காவைக் கூப்பிட்டு, தேக்கு நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்து விளக்கைப் போட்டு, ஒரு படம் எடுக்க வேண்டும். தழும்பு இருக்கும், அவரும் இருப்பார். இதற்காக அண்ணாச்சி இல்லாத நேரத்தில் விளக்கை எவ்வளவு இறக்க வேண்டும் என்று நானே நாற்காலியில் உட்கார்ந்தும் எழுந்தும் பார்த்துக்கொண்டேன்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆறேழு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார். மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வந்திருந்தார், நல்ல சேலை, தலையில் பூ. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். கோபம் எதுவும் மிச்சம் இல்லாத முகம். வேலை நடக்கிறது என்றார். புருஷனிடமிருந்து கடிதாசி வந்துவிட்டது என்றார். பாஸை இடுப்பில் ஒரு சுருக்குப் பைக்குள் வைத்திருந்தார். எடுத்துக் காட்டும்போது பெருவிரல் படத்தின் மேல் இருந்தது. படத்தை மறைப்பதற்காகவே அப்படிப் பிடித்துப் பழகிவிட்டதாகத் தோன்றியது.

"தங்கச்சி, அந்த மொதப் படம் இருக்கா?"

"எதுக்கு அக்கா?"

"எங்க தெருவுல போன வாரம் ஒருத்தி செத்துப் போனா. முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கணும், படம் இல்ல. கடைசியில பாஸுல இருந்தத உரிச்சு எடுத்துக் குடுத்திருக்காவ. நான் செத்தா எம்மவளும் இததான் உரிப்பா. கோயில்ல எல்லார் கையிலயும் குடுப்பாவ, வேதப்புத்தகத்துக்குள்ள வச்சுக்கிடுவாவ. உசுரோட இருக்குதவரைக்கும் இது போதும். செத்த பொறகுக்கு எனக்கு அந்தப் படம் வேணும்."

நான் சொன்னேன். அந்த இரண்டும் வேண்டாம், இங்கே உட்காருங்கள், நான் புதிதாக ஒன்று எடுத்துத் தருகிறேன், தழும்பு இருக்கும், ஆனாலும் நன்றாக இருக்கும், நான் பார்த்து வைத்திருக்கிறேன். படபடவென்று சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். விளக்கைக்கூடப் போட்டுவிட்டேன்.

அக்கா நாற்காலியின் கைப்பிடியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். உட்காரவில்லை.

"இது ஆம்பிளையளுக்குல்லா" என்றார். "எனக்கு நேரமில்ல தங்கச்சி. அந்தப் படத்துல எங்க அம்மா மாதிரி இருந்தேன். அம்மை போடுததுக்கு முன்ன எனக்கு என்ன மூஞ்சின்னு அத வச்சுத்தான் தெரிஞ்சுகிட்டேன். அன்னைக்குக் கோவத்துல கிழிச்சுட்டேன்."

நான் துடைத்துவிட்டேன், அந்தப் படம் இப்போது இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், துடைத்த நெகட்டிவ் என் மேசை இழுப்பறையில் இருந்தது, என் கைக்கு வேலை தெரியும். அடுத்த ஞாயிறு வாருங்கள் என்றேன். விளக்கை அணைத்தேன்.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்தேன். பென்சிலை உப்புத்தாளில் ஊசியாகத் தேய்த்தேன். சுரண்டின விளிம்புகள் ஏற்கனவே இல்லை, குழிகளை மட்டும் நிரப்ப வேண்டியிருந்தது. நெற்றியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே நிரப்பினேன். முதல் தடவையைவிட நன்றாக வந்திருந்தது.